நாலு கட்டையும் ஒரு பலகையும்

கல்யாணப் போட்டோவில் நெட்டையக்கா முட்டியை மடக்கித்தான் நிற்கிறாள். தரை வரை விழும் உடுப்பு அதை மறைத்துவிட்டதால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஒருத்தி இறங்கி, ஒருத்தர் ஏறி, படம் எடுத்தவர் கேட்ட மட்டத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்று அவர் சொன்னபோது அவளுக்குத் தொடை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

வளைவது அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று கடைசி பெஞ்சுக்குத் துரத்தினார்கள். கடையில் வாங்கிய எந்தச் சட்டையின் கையும் அவள் மணிக்கட்டை எட்டியதில்லை. "மேல காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, உலகத்திலேயே தனக்குத்தான் இது முதலில் தோன்றியதுபோலச் சிரிக்காத ஆள் அந்த ஊரில் இல்லை. எத்தனை பேரோடு மல்லுக்கு நிற்பது? தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, இருப்பதில் கொஞ்சம் குறைத்துக் காட்டிக்கொள்ளப் பழகிவிட்டாள். நெட்டையக்கா என்ற பெயர் மட்டும் குறையவில்லை.

அவளுக்கு வாய்த்த நாத்தனார், கணவரின் தங்கை, எல்லாவற்றிலும் நேர் எதிர். ஆள் குட்டை, வாய் நீளம். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர் வீட்டு விருந்து ஒன்றில், எல்லாரும் தட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது அந்த வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கண்ணன் பாவம். பொண்டாட்டி முகத்த அண்ணாந்து பாத்துப் பாத்தே கழுத்து வலி வந்துடும்" என்றாள். கூடமே சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அதற்குரிய பலனை அவர் வீட்டுக்குப் போனபிறகு தனியாக அனுபவித்தார். நெட்டையக்கா தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். அன்றோடு நாத்தனாருடன் பேச்சு நின்றது. ஒரு விளையாட்டுப் பேச்சுக்கு இவ்வளவு ரோஷமா என்று நாத்தனாரும் முறுக்கிக்கொண்டாள். வருத்தம் தெரிவித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அந்த நிமிஷம் வரவே இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பிறந்து வளர்ந்து தங்களுக்குள் ஒட்டி உறவாடினார்கள். பெரியவர்கள் இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருவரும் வேலை பார்த்தது ஒரே இடத்தில், ஒரே மேசையில்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் காதில் விழாத சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் சூடான உருளைகள். ஈர விரிப்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வரும். கடைசியில், சுவரோரமாக, நீளமான இரும்பு மேசை. உருளையிலிருந்து விழுகிற விரிப்புகளை அதில் போட்டு, நீவி, மடித்து, வார்டு வாரியாக அடுக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். காலையிலிருந்து மதியம் வரை நெட்டையக்கா. மதியத்துக்குமேல் நாத்தனார்.

நெட்டையக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி இதே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாந்தி நிற்கவில்லை. விரிப்பு மாற்ற மாற்ற நனைந்தது. ஒருவரும் முகம் சுளிக்காமல் மறுபடி மறுபடி மாற்றினார்கள். கடைசியில் ஒரு பெண் சூடு ஆறாத விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். குழந்தை அந்தச் சூட்டில் அப்படியே தூங்கிப்போனது. அந்த விரிப்பை மடித்த கை யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. மகள் பிழைத்து எழுந்து, பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, சலவைக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அன்றே போய் நின்றாள். யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியாதவள், அதை மடித்து மடித்து மேல்மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாத்தனார் வந்தது பிறகு. அவள் கணவர் இறந்துபோய், வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஆகாது என்ற நிலையில், அண்ணன்தான் சூப்பர்வைசரிடம் சொல்லி இடம் பிடித்துக்கொடுத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. வேலைக்கு வந்த முதல் நாள் வாசலில் இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டபோதுதான் இவளுக்கே தெரியும். அன்று மாலை வீட்டில் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் பஸ்ஸைக் கழுவப் போகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டார். பள்ளி பஸ் ஓட்டுகிறவர் அவர். வீட்டில் புயல் கிளம்பும் நாளில் எல்லாம் அந்த பஸ் பளபளவென்று இருக்கும்.

பேச்சு இல்லாவிட்டால் என்ன, சண்டை போட மேசை இருந்ததே. நெட்டையக்கா விரிப்பின் ஓரத்தை உள்ளே தள்ளி மடிப்பாள். நாத்தனார் வெளியே தெரிய மடிப்பாள். ஒருத்தி அடுக்கியதை இன்னொருத்தி வந்து ஒரு வார்த்தை பேசாமல் பிரித்து, தன் முறையில் மறுபடி அடுக்குவாள். வார்டில் இருந்த நோயாளிகளுக்கு ஓரம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? இந்தப் போர் நடந்துகொண்டிருந்ததே மேலே யாருக்கும் தெரியாது.

அந்த மேசையை யாருடைய உயரத்துக்குச் செய்தார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். நெட்டையக்காவுக்கு அது தொடை மட்டம்தான். இடுப்பிலிருந்து வளைந்தால்தான் கை எட்டும். முதலில் சாயங்காலம் மட்டும் முதுகு வலித்தது. பிறகு காலையில் எழும்போதே வலித்தது. பிறகு வலி இடது காலில் இறங்கிக் கணுக்கால் வரை சுரீரென்று இழுத்தது. குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியாமல் கணவரைக் கூப்பிட வேண்டி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பாதியில் திரும்பி வந்த நாட்கள் கூடிக்கொண்டே போயின.

ஊழியர்களைப் பார்க்கும் டாக்டர் நல்ல மனிதர்தான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த மாதக் கடைசியில் மறுபடி பார்ப்பேன், அப்போதும் இப்படியே இருந்தால் இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதத்தான் வேண்டியிருக்கும், பிறகு என்னைக் குறை சொல்லாதே என்றார். அன்று வீட்டுக்கு வந்து சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே அழுதாள். சம்பளம் போய்விடும் என்பது ஒரு பக்கம். அந்தச் சூடான துணியைக் கையில் வாங்காத காலை எப்படி விடியும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் டேப்புப் பொண்ணு வந்தாள்.

ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு கல்லூரி. அதில் ஆக்குபேஷனல் தெரபி என்றொரு படிப்பு. அடிபட்டோ பக்கவாதம் வந்தோ முடங்கிப்போனவர்களுக்கு மறுபடி சட்டைக்குப் பட்டன் போட, கரண்டி பிடிக்க, வேலைக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்கிற படிப்பு அது. ஆள் முடங்குவதற்கு முன்னாலேயே வேலை பார்க்கிற இடத்தைச் சரிசெய்வதும் அதில் ஒரு பாடம். அதற்கு எர்கோனமிக்ஸ் என்று பெயர் சொன்னார்கள். சலவைக்கூடத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. மாணவர்கள் ஆளுக்கொரு தொழிலாளியைத் தேர்ந்தெடுத்து, பார்த்து, அளந்து, ஒரே ஒரு மாற்றம் செய்து, அது பலன் தந்ததா என்று காட்ட வேண்டும். நெட்டையக்காவுக்கு வாய்த்த மாணவி ஒல்லியானவள். கழுத்தில் அளக்கிற டேப்பைத் தையல்காரரைப்போலத் தொங்கவிட்டிருப்பாள். பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை, டேப்புப் பொண்ணு என்றே ஆகிவிட்டது.

முதல் நாள் அவள் தயங்கித் தயங்கிச் சொன்ன யோசனை, இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி வேலை செய்து பாருங்கள் என்பது. "முட்டிய மடக்கறதெல்லாம் எனக்குப் பழக்கம்தான் கண்ணு. கல்யாணத்துலயே மடக்கிட்டேன்" என்றாள் நெட்டையக்கா. கதையைக் கேட்டுவிட்டுப் பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். மூலையில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, முதுகைக் கூன் போட்டு, முழங்கால்மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டே இருப்பாள். அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு நெட்டையக்காதான் கடைசியில் ஒரு நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து போட்டாள். பாடம் படிக்க வந்தவள் முதலில் நிமிரட்டும் என்று நினைத்தாளாம்.

பார்த்து முடித்த பெண் விஷயத்தை எளிதாகச் சொன்னாள். அக்கா வளைவது அக்காவின் குற்றம் இல்லை. ஆளை வேலைக்குத் தகுந்தபடி வளைக்கக் கூடாது, வேலையைத்தான் ஆளுக்குத் தகுந்தபடி அமைக்க வேண்டும். மேசை உங்கள் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும், நீங்கள் குனியவே வேண்டாம்.

அவ்வளவுதான் சொன்னாள். நெட்டையக்கா மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். குனியவே வேண்டாம் என்று இதுவரை எந்த வாயும் அவளுக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பெண் கேட்ட கேள்வி சாதாரணமானது. "இந்த மேசைல வேற யாராவது வேலை பாக்கறாங்களாக்கா?"

நாத்தனார் பேச்சை வாயால் எடுப்பதில்லை என்பது நெட்டையக்காவின் பல வருஷ வைராக்கியம். "மதியத்துல ஒருத்தி வருவா. அவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மதியத்தில் அவளுக்குக் கல்லூரியில் வகுப்பு. வந்து ஒரு நாள் பார்த்திருக்கலாம், தோன்றவில்லை. ஆக, ஒரு பக்கம் ரோஷம், ஒரு பக்கம் நம்பிக்கை, இரண்டும் சேர்ந்து ஓர் ஆளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டன.

ஆஸ்பத்திரித் தச்சர் நாலு கட்டைகள் செய்தார். மேசைக்கால் வழுக்கிவிடாமல் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. நாலு பேர் சேர்ந்து மேசையைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினார்கள். மறுநாள் காலை முதல் விரிப்பை மேசையில் போட்டபோது நெட்டையக்காவின் உடம்பு பழக்கதோஷத்தில் குனியப் போய், பாதியில் வேலையில்லாமல் நின்றது. டேப்புப் பொண்ணு பக்கத்தில் வந்து தோளை மெதுவாகத் தொட்டு, "நிமிர்ந்தே நில்லுங்கக்கா. நிமிர்ந்தா எட்டும்" என்றாள்.

எட்டியது. வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. வாரங்கள் போகப் போகக் காலில் இறங்கியது முதலில் விட்டது. பிறகு காலையில் எழும்போது இருந்தது விட்டது. செருப்பு வாரைத் தானே மாட்டிக்கொண்டாள். அதைவிட ஒன்று நடந்தது. மேசைக்கு முன்னால் நிமிர்ந்து பழகிய முதுகு தெருவிலும் நிமிர்ந்துகொண்டது. ஒரு நாள் சமையலறை விளக்கை ஸ்டூல் போடாமல் அவள் கழற்றி மாட்டியதைப் பார்த்த கணவர், "இத்தன வருஷமா அந்த ஸ்டூல எதுக்கு இடத்த அடைச்சு வெச்சிருந்தோம்?" என்று கேட்டுவிட்டு, வாய் தவறிவிட்டதோ என்று பயந்து பஸ் சாவியைத் தேடினார். அவளோ சிரித்தாள். அவள் உயரத்தைப் பற்றிய பேச்சுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நன்றி என்பதை வாயால் சொல்லத் தெரியாதவள். அதனால் தினமும் டேப்புப் பொண்ணுக்கு ஒரு டம்ளர் டீ வைத்தாள். அது ஆறும் வரை அவள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால் திட்டினாள்.

கல்லூரியில் பெண்ணுக்கு நல்ல பெயர். அவளுடைய ஆசிரியை சந்தோஷப்பட்டு, வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்து மேசையைக் காட்டுவதாக ஏற்பாடு செய்தார். வகுப்புக்கு நேரம் கிடைத்தது மதியத்தில். நெட்டையக்காவும் ஷிப்ட் முடிந்து சற்று இருந்து, மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டார். டாக்டர் சொன்ன பரிசோதனைக்குச் சில நாளே இருந்தது. மனசு லேசாக இருந்ததால் சரி என்றாள். நாத்தனாரின் வேலை நேரத்தில் அவள் அந்தக் கூடத்தில் நின்றது அன்றுதான் முதல் தடவை.

மாணவர்கள் அரைவட்டமாக நின்றார்கள். நாத்தனார் யாரையும் பார்க்காமல் மடித்துக்கொண்டிருந்தாள். நெட்டையக்கா அப்போதுதான் பார்த்தாள். அந்த மேசை நாத்தனாருக்கு நெஞ்சு மட்டத்தில் இருந்தது. இரண்டு தோளும் காது வரை ஏறியிருந்தன. முழங்கைகள் இரண்டு பக்கமும் விரிந்து, ஒவ்வொரு விரிப்புக்கும் அவள் நுனிக்காலில் எழும்பி எழும்பி இறங்கினாள். நடுவில், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, வலது தோளை இடது கையால் பிடித்து அமுக்கிக்கொண்டாள்.

ஆசிரியை கவனித்தார். அவர் மேசையைச் சுற்றி வந்தார். தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை கவிழ்த்துக் கிடந்தது. அதன் அடிப்பக்கம் நசுங்கி, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. இது எதற்கு என்று கேட்டார். துணி போட என்றாள் நாத்தனார். கவிழ்த்த கூடையில் எப்படித் துணி போடுவீர்கள் என்று அவர் மெதுவாகவே கேட்டார். நாத்தனார் அடுத்த விரிப்பை இழுத்தாள். பக்கத்தில் உருளையோரம் நின்ற பெண்தான் போட்டு உடைத்தாள்: கட்டை வைத்த நாளிலிருந்து நாத்தனார் அந்தக் கூடைமேல் ஏறி நின்றுதான் மடிப்பதாகவும், போன வாரம் கூடை சறுக்கி விழப்போனவளைத் தான்தான் பிடித்ததாகவும், இன்றைக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒளித்துவைத்துவிட்டதாகவும் சொன்னாள்.

டேப்புப் பொண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. கூடையிலிருந்து யாராவது விழுந்து வைத்தால் தன் தலைதான் உருளும், நாலு கட்டைதானே, உருவிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று தச்சரைக் கூப்பிட ஆள் அனுப்பப் போனார்.

நெட்டையக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டை போனால் முதுகு போகும். முதுகு போனால் மாதக் கடைசியில் வேலை போகும். எடுக்காதீர்கள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அவளுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சொன்ன வாய்தானே இது. அவள் தலை தானாகவே பழையபடி குனிந்துகொண்டது.

"கட்டைய எடுக்காதீங்க சார்" என்றாள் நாத்தனார்.

சூப்பர்வைசர் நின்றார். நாத்தனார் கையிலிருந்த விரிப்பை விடாமல், மேசையைப் பார்த்தபடியே பேசினாள். "தினம் நான் உள்ள வரும்போது எங்கண்ணி மாடிப்படி ஏறிப் போகும். முன்னெல்லாம் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டா மடிஞ்சு ஏறும். இப்ப நேரா ஏறுது. அத நின்னு பாத்துட்டுத்தான் நான் உள்ள வரேன். எனக்குத் தோள்தான, தேய்ச்சுவிட்டா போயிடும். டாக்டர் சொன்னதெல்லாம் அண்ணன் எங்கிட்ட சொன்னாரு. கட்டைய எடுத்தா அதுக்கு வேலையே போயிடும்."

நெட்டையக்கா நிமிர்ந்து நாத்தனாரைப் பார்க்க முயன்றாள். கண்ணீர் மறைத்தது.

ஆசிரியை யாரையும் திட்டவில்லை. மாணவர்களைப் பார்த்து, இன்றைக்குக் காட்ட வந்த பாடத்தைவிட நல்ல பாடம் கிடைத்திருக்கிறது, ஒருவருக்குச் செய்த உதவி அடுத்தவர் தோளில் போய் உட்காரலாம், மாற்றி முடித்த பிறகும் மறுபடி வந்து பார்ப்பது அதனால்தான் என்றார். கூடையை அப்போதே குப்பைக்கு அனுப்பினார். அது வலியைவிட ஆபத்து. கட்டைகள் இருக்கட்டும் என்றார். சரிசெய்யும் வரை நாத்தனாரைத் துணி பிரிக்கும் பக்கம் உட்கார வைத்து, மடிக்க நடுத்தர உயரமுள்ள வேறொருத்தியைப் போடும்படி சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டார். அவரும் ஒத்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு டேப்புப் பொண்ணு அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். ஒரு நாள் மதியம் எட்டிப் பார்த்திருந்தால் போதுமே, எனக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று விசும்பினாள். நெட்டையக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ கேட்ட கண்ணு. கேட்டதுக்கு நான்தான் ஒழுங்கா பதில் சொல்லல" என்றாள். பிறகு அந்த விருந்து, அந்தத் தட்டு, அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது, இவ்வளவு நாள் தூக்கிச் சுமந்தது இவ்வளவுதானா என்று அவளுக்கே கூச்சமாகப் போய்விட்டது. "என் முதுகு நிமிர்ந்தது உன்னாலதான். அந்த நன்றி சாகற வரைக்கும் இருக்கும். இப்ப எழுந்து போய் அவள அள" என்றாள்.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அளந்தாள். இந்தத் தடவை வகுப்பைக் கெஞ்சி மாற்றிக்கொண்டு மதியத்தில் வந்தாள். நாத்தனார் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பக்கவாட்டில் நடந்துகொண்டே மடிப்பவள் என்பதைப் பார்த்தாள். ஆக, ஓர் இடத்தில் நிற்கிற ஸ்டூல் உதவாது, மேசை நீளத்துக்கும் ஒரு பலகை வேண்டும். தச்சர் லேசான மரத்தில் செய்கிறேன் என்றார். லேசாக இருந்தால் நகரும், நகர்ந்தால் விழுவார்கள் என்று ஆசிரியை மறுத்தார். கனமாகவே இருக்கட்டும், மேலே ரப்பர் ஒட்டலாம். காலையில் நெட்டையக்காவின் காலில் தட்டாமல் சுவரில் சாய்த்து மாட்டிவைக்க வேண்டும். கனமான பலகையை ஒருத்தி தனியாக இறக்கினால் மறுபடி முதுகு போகும். அதனால் இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்க வேண்டும், ஆளுக்கொரு முனை.

அந்த இரண்டு பேர் யார்? ஷிப்ட் முடிந்து போகிறவளும் ஷிப்டுக்கு வருகிறவளும்தான். டேப்புப் பொண்ணு இதைச் சொல்லும்போது முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். அவள் வேண்டுமென்றே செய்தாளா என்று நெட்டையக்கா பிற்பாடு பல தடவை கேட்டிருக்கிறாள். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அவள் சாதித்துவிட்டாள்.

டாக்டர் வரச் சொன்ன நாளும் பலகை வந்த நாளும் ஒன்றாக அமைந்தன. டாக்டர் அவளைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். இதே வேலையைத் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெட்டையக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கினாள். நேராகவே இறங்கினாள்.

கீழே நாத்தனார் ஏற்கெனவே வந்து, பலகையின் ஒரு முனையருகே நின்றுகொண்டிருந்தாள். டேப்புப் பொண்ணு தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள்: பாதத்தை அகட்டி வைக்க வேண்டும், முட்டியை மடக்க வேண்டும், சுமையை உடம்போடு அணைக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கும்போது வாய் திறந்து பேசியே ஆக வேண்டும். ஒருத்தர் தயாரா என்று கேட்கணும், இன்னொருத்தர் பதில் சொல்லணும், சொல்லாமல் தூக்கவே கூடாது. யார் கேட்பது என்றதற்கு, பெரியவங்க கேக்கட்டும் என்றாள் நாத்தனார்.

நெட்டையக்கா முட்டியை மடக்கினாள். கல்யாண நாளில் மடக்கியதுபோல இல்லை, இந்தத் தடவை முழு மனசோடு மடக்கினாள். பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெடியா பாப்பா?"

பாப்பா என்பது அந்த வீட்டில் நாத்தனாரைக் கூப்பிடும் பெயர். தலை நரைத்த பிறகும் அவள் அண்ணனுக்குப் பாப்பாதான். நெட்டையக்கா வாயிலிருந்து அது வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நாத்தனார் உதட்டை அழுத்திக்கொண்டு பலகையையே பார்த்தாள்.

"ரெடி அண்ணி."

தூக்கினார்கள். இறக்கினார்கள். பலகை ஆடாமல் அசையாமல் மேசையோரம் உட்கார்ந்தது.

"டாக்டர் வேலைல இருக்கலாம்னு எழுதிட்டார்" என்றாள் நெட்டையக்கா. "நீ கூடை மேல நின்னு காப்பாத்தின வேலை இது. நான் இந்தப் பொண்ணு கேட்டப்ப ஒரே வார்த்தைல உன்ன இல்லாம பண்ணிட்டேன் பாப்பா."

"நானும் ஒரே ஒரு வார்த்தைதான அண்ணி அன்னிக்குச் சொன்னேன்" என்றாள் நாத்தனார்.

சொல்லிவிட்டுப் பலகைமேல் ஏறினாள். மேசை சரியாக அவள் முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்தது; தோள் இறங்கியது. திரும்பினாள். தரையில் நிமிர்ந்து நின்ற நெட்டையக்காவின் முகம் அவள் முகத்துக்கு நேரெதிரே இருந்தது. இத்தனை வருஷத்தில் இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்தித்தது கிடையாது. நாத்தனார் அந்த முகத்தை அவசரமில்லாமல், முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"கழுத்து வலிக்கல அண்ணி" என்றாள்.

நெட்டையக்கா அழுதுகொண்டே சிரித்தாள். உருளையிலிருந்து அடுத்த விரிப்பு சூடாக வந்து விழுந்தது. தன் ஷிப்ட் முடிந்துபோனதை மறந்து அதன் ஒரு முனையை அவள் எடுத்தாள், மறுமுனையைப் பாப்பா பிடித்துக்கொண்டாள்.